இரண்டாவது தொப்பி

இரண்டாவது தொப்பி ஏன் சிறியதாக இருந்தது?

ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். பதில் சொல்ல வேண்டியவள் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விடுகிறது என்பதுகூட எனக்குக் கேட்கும். ஆனாலும் நான் கேட்கவில்லை. நான் ஒன்று கேட்டால் அவளும் ஒன்று கேட்பாள். அதற்குப் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் பெண். எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் வலி வந்துவிட்டது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் வார்டில் இருவரையும் வைத்திருந்தார்கள். பெரியவள் தேறினாள். சின்னவள் ஒன்பது நாள் இருந்தாள். அவள் தலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பின்னல் தொப்பி போட்டிருந்தார்கள். அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், பிஞ்சுத் தலை வழியாகச் சூடு போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். அந்தத் தொப்பியை யார் பின்னினார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நாட்றம்பள்ளியில் மாமியார் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். கணவருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தைத்து முடித்த ஷூக்களை ஜோடி ஜோடியாகப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்குகிற வேலை. அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆம்பூரில் வீடு பார்த்தோம். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது மாமியார் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அங்க யாராச்சும் கேட்டா ஒண்ணுதான் பொறந்துச்சுன்னு சொல்லு."

"ஏன் அத்தை?"

"இன்னொண்ணு போய்ட்டுச்சுன்னு தெரிஞ்சா, இதையும் 'இதாவது நிக்குமா'ன்னு பாப்பாங்க. பாக்கறவங்க வாய மூட முடியுமா? நான் சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

அவர் 'உன் இஷ்டம்' என்று சொன்னால் அங்கே என் இஷ்டம் எதுவும் இல்லை என்று அர்த்தம். நான் சரி என்றேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்னவளுக்காக அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். சொன்னபடி கேட்பதுதான் சரி என்று அன்று பட்டது. இன்று அப்படிப் படுகிறதா என்று கேட்டால் தெரியவில்லை.

ஆம்பூரில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். நடுவில் சிமெண்ட் தரை, ஒரு குழாய், ஒரு முருங்கை மரம். எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் பெண்கள் ஷூ தைத்தார்கள். ஷூவின் மேல்பாகத்தை இங்கே அப்பர் என்பார்கள். ஏஜெண்ட் வண்டியில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். பெண்கள் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, தடித்த நூலைப் பல்லைக் கடித்து இழுத்துத் தைப்பார்கள். தைத்து முடித்த இடதையும் வலதையும் சேர்த்து ஒரு நூலால் கட்டி வைப்பார்கள். தனியாக ஒன்று கிடந்தால் ஏஜெண்ட் எடுத்துக்கொள்ள மாட்டார்.

குடிவந்த முதல் நாளே குழாயடியில் அடுத்த வீட்டுக்காரி என்னை உற்றுப் பார்த்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள்.

"உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. வேலூரா நீங்க?"

"இல்லீங்க. நாட்றம்பள்ளி."

"இல்ல, எங்கயோ பாத்திருக்கேன்" என்றாள். குடம் நிறைந்து வழிந்தும் அவள் குழாயை மூடவில்லை. நான் மூடினேன்.

அவளுக்குப் பிறந்த ஊர் குன்னூர். இங்கே தோல் கம்பெனியில் வேலை செய்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காம்பவுண்டில் எல்லோரும் அவளைக் குன்னூர்க்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் மடியில் எப்போதும் உல்லன் நூல் உருண்டை ஒன்று இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஏஜெண்ட் வருவதற்குள் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் முருங்கை மர நிழலில் உட்கார்ந்து பின்னுவார்கள். ஜன்னல் வழியாக நான் பார்ப்பேன்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆம்பூர் வெயிலில் யாராவது கம்பளி பின்னுவார்களா? காலையிலிருந்து ஊசி பிடித்து விரல் வீங்கிய பெண்கள், ஓய்வு நேரத்தில் எதற்கு இன்னொரு ஊசியைப் பிடிக்க வேண்டும்? இந்த ஊரில் வீட்டுக்குள் ஊசி வந்தால் அதன் பின்னால் ஒரு ஏஜெண்ட் இருப்பார். இவளும் இவர்களிடம் ஓசியில் வேலை வாங்கி யாருக்கோ கொடுக்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு, ஜெபத்துக்கு ஆள் சேர்க்கிறாளோ என்று நினைத்தேன். என் போனில் அப்போது வந்தவையெல்லாம் எச்சரிக்கைச் செய்திகள். குழந்தை வைத்திருப்பவர்கள் யாரிடமெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தினம் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போதும் இருந்தார்கள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் அவள் வந்து கதவைத் தட்டினாள். என் மகளுக்கு அப்போது நாலு மாதம்.

"பனி ஜாஸ்தியா இருக்கு. பாப்பாவுக்குப் போடுங்க" என்று ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளேகூட வராமல் போய்விட்டாள்.

பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் நிறத் தொப்பி. ஒன்று இல்லை, இரண்டு. இரண்டையும் சேர்த்து வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருந்தது.

முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஒன்று என் மகளின் தலைக்குச் சரியாக இருந்தது. மற்றது அவள் உச்சியிலேயே நின்றுவிட்டது, காது வரைகூட வரவில்லை. ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குத்தான் அது போதும்.

சாயங்காலம் கணவர் வந்ததும் காட்டினேன். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். அது அவருக்குத் தொழில் பழக்கம்.

"ஜோடி சேரல. எங்க டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்" என்றார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"இன்னா தெரிஞ்சிருக்கும்?"

"ரெண்டு பேர்னு. ஒருத்தி சின்னவள்னு."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு, "கைத்தவறா இருக்கும். விடு. நீயா எதையாவது நெனச்சிக்கினு பேஜார் ஆவாதே" என்றார். சின்ன தொப்பியை என் கையில் கொடுக்காமல் பீரோவின் மேல் தட்டில் வைத்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் விடவில்லை. அவள் எங்கே கேள்விப்பட்டிருப்பாள்? நாட்றம்பள்ளியில் அவளுக்கு யாராவது தெரியுமா? வேறு யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாள்? காம்பவுண்டில் ஒவ்வொருவரும் என் மகளைப் பார்க்கிற பார்வையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கோடி வீட்டு அக்கா ஒருநாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு "பாவம், எவ்ளோ சின்ன மொகம்" என்றார். அந்தப் 'பாவம்' எதற்கு என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போனேன். ஒரு கையில் குழந்தை, மறு கையில் இரண்டு தொப்பிகள். கோடி வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா டீச்சர், மொகத்த பாத்தா எங்க மேல கேஸ் போட வந்தாப்ல இருக்குது."

பி.எட். முடித்து இரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன் என்று வந்த புதிதில் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து எனக்கு டீச்சர் என்று பெயர்.

"ஒரு கொழந்தைக்கு எதுக்கு ரெண்டு தொப்பி?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த குடியாத்தத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத ஏன் கேக்கறே" என்றார் கோடி வீட்டு அக்கா. "நாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதே இப்படித்தான். மொத தடவ நாப்பது தொப்பி அனுப்பினோம். எல்லாத்தையும் ஜோடி ஜோடியா கட்டி, சாக்பீஸ்ல நம்பர் வேற போட்டு. நர்ஸம்மா போன் பண்ணி, 'ஏம்மா, இது தொப்பியா, சாக்ஸா?'ன்னு கேக்குது!"

"இடது தொப்பி வலது தொப்பின்னு எழுதாம விட்டீங்களே அக்கா" என்றாள் குடியாத்தத்துப் பெண்.

"எழுதியிருப்பேன். இவதான் சாக்பீஸ புடுங்கிட்டா." அக்கா குன்னூர்க்காரியைக் காட்டினார். "இருவது வருசமா ரெண்டு ரெண்டா கட்டின கை டீச்சர். ஒண்ணோட முடிச்சா ஏதோ பாதி வேலைய அப்படியே போட்டுட்டு எழுந்தாப்ல இருக்குது."

அப்போதுதான் அவர்கள் பின்னுவது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வேலூர், பெரிய ஆஸ்பத்திரி, கண்ணாடிப் பெட்டி வார்டு. குன்னூர்க்காரி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பின்னுகிறவள். இங்கே வந்த பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு பை நிறையத் தொப்பிகளைக் கொண்டுபோய் அந்த வார்டில் கொடுத்துவிட்டு வருகிறாள். மீந்துபோன நூலை ஊரிலிருந்து அவள் தங்கை அனுப்புகிறாள். ஏஜெண்ட் யாரும் இல்லை. ஜெபமும் இல்லை.

அதாவது அவள் அந்த வார்டுக்குப் போகிறவள். நான் நாற்பத்தோரு நாள் அந்த வராந்தாவில் இருந்தவள். 'எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.'

ஜோடிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு ஏன் என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். ஒன்று ஏன் சின்னது என்று கேட்கவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது குன்னூர்க்காரி சிரிக்கவில்லை. குனிந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "உக்காருங்க டீச்சர். பாப்பாவ இப்படி விடுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து நானும் போய் உட்கார்ந்தேன். பின்னக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுப் போனேன் என்று எழுதினால் பொய். அவர்களைக் கண்காணிக்கத்தான் போனேன். எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றிப் பேசுவதைவிட, என் காதில் விழும்படி பேசட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க அவர்கள் விடவில்லை. கையில் இரண்டு ஊசிகளைக் கொடுத்தார்கள். ஊசியில் வரிசையாக வளையம் வளையமாக நூலை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்றாள் குன்னூர்க்காரி. ஒரு ஊசியிலிருக்கும் கண்ணியை நூலைச் சுற்றி மறு ஊசிக்கு மாற்றிக்கொண்டே போனால் ஒரு வரி. எனக்கு முதலில் எல்லாம் தொளதொளவென்று வந்தது. மற்றவர்களுக்கு நேரெதிர். தோலில் நூலை இறுக்கிப் பழகியவர்கள். கோடி வீட்டு அக்கா பின்னிய தொப்பியைத் தரையில் வைத்தால் அது விழாமல் நின்றது.

"அக்கா, இது மாட்டுத் தோல் இல்ல. பச்சக் கொழந்த மண்ட. கொஞ்சம் லூசா விடுங்க" என்று குன்னூர்க்காரி தினமும் கெஞ்சுவாள்.

"லூசா விட்டா நாளைக்கே பிஞ்சி போயிடாதா?"

"பத்து நாள்ல அந்தக் கொழந்தைக்கு இது பத்தாம போயிடும் அக்கா. அதுக்குத்தான இது."

அக்காவுக்குப் பின்னல் பிடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. ஒருநாள் பத்து வரி பின்னியதைச் சரசரவென்று அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "அப்பர்ல தப்பா ஒரு ஓட்ட போட்டா போட்டதுதான், தோலே வீணு. ஏஜெண்ட் வாய்ல உழுந்து எழுந்திரிக்கணும். இது பாரு, அவுத்தா நூலு நூலாவே இருக்குது. இத கண்டுபுடிச்சவ நல்லா இருக்கணும்."

நானும் அவிழ்த்தேன். மற்றவர்கள் ஒரு தொப்பி முடிக்கும் நேரத்தில் நான் பாதியை மூன்று முறை அவிழ்த்திருப்பேன். ஒரு கண்ணி விட்டுப்போனதோ என்று சந்தேகம் வந்தால் போதும். "டீச்சர், பரீட்ச பேப்பரா திருத்தறே? போவட்டும் விடு" என்பார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மகள் தூங்கும்போது அவள் மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அடுப்பில் பால் இருந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பின்ன ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். முருங்கை மரத்தடியில் ஒரு பாயில் அவள் தூங்க, பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. மத்தியானம் முழுக்க நான் ஒருமுறைகூட மூச்சைப் பார்க்கவில்லை. பதறிப்போய் விரலை வைத்தேன். நன்றாகத்தான் இருந்தாள். என் கைக்கு வேறு எண்ணிக்கை கிடைத்ததால் மனது அடங்கியிருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. இந்த நூல் என்னை அஜாக்கிரதை ஆக்குகிறதோ என்று இரண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கை சும்மா இருக்க முடியாமல் போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் பிடிப்பதில் சண்டை போட்டு ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரிகள் அந்த நிழலில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குத் தொப்பியின் விளிம்பை மூடத் தெரியாது, மற்றவளுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் "இத கொஞ்சம் முடிச்சுக் குடு" என்று பேச ஆரம்பித்தார்கள். அது நிஜமான சமாதானமா, தொப்பி முடிகிற வரைக்கும்தானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்று உபசாரம் நடக்கிறது.

அவர்கள் பேசுவதைத்தான் நான் ஒட்டுக்கேட்க வந்திருந்தேன். பின்னும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் கண் கையில். அதனாலோ என்னவோ, வேறு எங்கேயும் சொல்லாததை அங்கே சொன்னார்கள். கோடி வீட்டு அக்கா தன் கணவருக்கு நெஞ்சில் எடுத்த எக்ஸ்ரேயைப் பற்றிச் சொன்னார். குடியாத்தத்துப் பெண்ணின் அப்பா வீட்டில் தறி வைத்து லுங்கி நெய்கிறவர். அவள் ஒருநாள், "இந்த மாசமும் தள்ளிப் போவல. 'நூல்காரன் வூட்டுப் பொண்ணுக்கு இழுக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது'ன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள், கை நின்றுவிட்டது. ஊசி மடியில் சாய்ந்தது. பக்கத்திலிருந்த அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மடியிலிருந்த ஊசிகளை எடுத்தார், நின்ற இடத்திலிருந்து அந்த வரியைப் பின்னி முடித்தார், திரும்ப அவள் கையில் வைத்தார். அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்கினாள்.

அங்கே வழக்கம் அதுதான். யாருக்குக் கை நின்றாலும் பக்கத்திலிருப்பவர் அந்த வரியை முடித்துக் கொடுப்பார். ஏன் என்று கேட்பதில்லை.

எனக்கு ஓரளவு கை பழகியதும், வீட்டில் யாரும் இல்லாதபோது பீரோவிலிருந்து இரண்டு மஞ்சள் தொப்பிகளையும் எடுத்து விளிம்பில் கண்ணிகளை எண்ணினேன். பெரியதில் எழுபத்திரண்டு. சின்னதில் அறுபது. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் அதே கணக்குதான். கை இறுகியோ தளர்ந்தோ பின்னினால் தொப்பி சின்னதாகும், பெரிதாகும். கண்ணியின் எண்ணிக்கை மாறாது. அறுபது என்றால் அறுபது போட வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறாள். கணவர் சொன்ன கைத்தவறு அதோடு போயிற்று.

ஆனால் அன்றைக்கே மரத்தடியில் பையைப் பார்த்தேன். அதில் அறுபது கண்ணித் தொப்பிகள் நிறைய இருந்தன. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அந்த அளவுதான் வார்டில் கேட்டார்களாம். எனக்குக் கொடுக்கும்போது கைக்கு வந்த இரண்டை எடுத்துக் கட்டியிருக்கலாம். அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரு சின்ன வித்தியாசத்தைக்கூடப் பொறுக்காமல் ஜோடி பார்த்துப் பார்த்துக் கட்டுகிற பெண்கள், எனக்கு மட்டும் பார்க்காமலா கட்டுவார்கள்? யார் கட்டினீர்கள் என்று பேச்சோடு பேச்சாக ஒருமுறை விசாரித்தேன். கோடி வீட்டு அக்கா "நான் இல்லப்பா" என்றார். குடியாத்தத்துப் பெண்ணும் இல்லை என்றாள். குன்னூர்க்காரி, "எந்த ஜோடி?" என்று கேட்டாள். அவ்வளவு ஜோடி கட்டுகிறவள் அப்படிக் கேட்பது நியாயம்தான். நியாயமாக இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

போன ஆடி மாதம் ஒருநாள் அவள் போனுக்கு வார்டிலிருந்து ஒரு படம் வந்தது. முகம் தெரியாமல் எடுத்த படம். ஒரே படுக்கையில் இரண்டு சின்னத் தலைகள், இரண்டு பச்சைத் தொப்பிகள்.

"ரெட்டையாம். நம்ம ஜோடி ஒண்ணு சரியா உக்காந்திருச்சு பாருங்க" என்று போனை எல்லோருக்கும் காட்டினாள். என் முறை வந்தது. நான் பார்த்தேன்.

என் கை நின்றுவிட்டது.

குன்னூர்க்காரி போனை வாங்கி வைத்தாள். என் மடியிலிருந்து ஊசிகளை எடுத்து, நான் நின்ற இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள். ஒரு வரியோடு நிறுத்தவில்லை. இரண்டு வரி, மூன்று வரி. முடித்து என் கையில் வைக்கும்போது என் விரல்களைச் சேர்த்து ஒருமுறை பிடித்தாள். மற்றவர்கள் சென்னையிலிருந்து வரும் ரயில் எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. தெரிந்ததால் கேட்கவில்லையா, யாரிடமும் கேட்காத வழக்கத்தால் கேட்கவில்லையா? மூன்று வரி எனக்கு மட்டும்தானா? குடியாத்தத்துப் பெண்ணுக்கு ஒரு வரிதானே பின்னினார்கள்? இப்படியெல்லாம் கணக்குப் பார்க்கிறவள் நான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து அந்த வார்டுக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது. இருநூறு தொப்பிகள். நர்ஸே நேரில் வரச் சொன்னாராம்.

"டீச்சர் வந்தாத்தான் நாங்க போவோம்" என்று கோடி வீட்டு அக்கா சொல்லிவிட்டார். "அங்க போய் நாலு வார்த்த ஒழுங்கா பேச ஆள் வேணாமா? நான் பேசினா அந்த டாக்டருங்க ஓடிடுவாங்க."

"எனக்கு அன்னிக்கு வேலை இருக்குமே அக்கா."

"இன்னா வேல? உன் வூட்டுக்காரருக்கு சோறு நாங்க எட்த்து வெக்கறோம். வர்றே, அவ்ளோதான்."

குன்னூர்க்காரி மட்டும், "அவங்களுக்கு முடிஞ்சா வரட்டும் அக்கா, கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?

அந்த நர்ஸை எனக்குத் தெரியும். சின்னவளைக் கடைசியாக என் கையில் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு என்னை மறந்திருக்க வழியில்லை. வாசலில் பார்த்ததும், "பெரியவ எப்படி இருக்கா?" என்று கேட்பார். அந்த 'பெரியவ' ஒன்று போதும். ஐந்து பெண்களும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ஒன்றரை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் வீட்டுக் கஷ்டமெல்லாம் கேட்டுவிட்டு, தன்னுடையதை மட்டும் மூடி வைத்தவள் என்று நினைப்பார்கள். அப்படி நினைத்தால் அது தப்பும் இல்லை. மாமியாரிடம் போனில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "அந்த வாசப்படிய ஏன் மறுபடி மிதிக்கணும்?" என்றார். பிறகு, "சின்னவ போட்டிருந்த அந்த மஞ்ச தொப்பிய அன்னிக்கு நாம திருப்பிக் குடுத்தமா, அதோடவே அனுப்பினமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த முறை அவர் 'உன் இஷ்டம்' என்று சொல்லவில்லை.

என் மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. எதை எடுத்தாலும் "யாருது?" என்று கேட்கிற வயது. செருப்பு யாருது, சீப்பு யாருது. போன வாரம் பீரோ திறந்திருந்தபோது கீழே விழுந்த சின்ன தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "யாருது?" என்றாள். நான் அதை வாங்கிக்கொண்டு வாழைப்பழம் கொடுத்தேன்.

நான் இப்போது அறுபது கண்ணியில் ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமைப் பையில் வைக்கத்தான். மஞ்சள் நூல்தான் கேட்டு வாங்கினேன். குன்னூர்க்காரி கொடுத்தாள், எதற்கு மஞ்சள் என்று கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? மாமியாருக்குக் கொடுத்த வாக்குப்படி ஏதாவது காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா? போவதற்கு முன்னால் மரத்தடியில் எல்லோரிடமும் நானே சொல்லிவிடலாமா? அல்லது முதலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அந்த இரண்டு தொப்பிகளையும் அவள் முன்னால் வைத்து, இது ஏன் சின்னது என்று கேட்டுவிடலாமா? அவளுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்து, நானே போய் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டதாக ஆகிவிட்டால் என் மகளை அதற்கப்புறம் அவர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்? இப்படி ஒரு குழந்தையை மறைத்து வைத்திருந்து, பிறகு சொன்னவர்கள் யாராவது இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள், முதல் வாக்கியம் என்ன என்று மட்டுமாவது எழுதுங்கள். தொப்பி முடிய இன்னும் பதினெட்டு வரிதான் இருக்கிறது. நான் மெதுவாகத்தான் பின்னுகிறேன்.